வேண்டாத மூன்று லென்ஸ்கள்

பெட்டிக்குள் ஆறு குழிகள். மூன்றில் லென்ஸ் இருந்தது. மீதி மூன்றில் பச்சை வெல்வெட் துணி மட்டும் இருந்தது.

“ஞாயித்துக்கிழமை சாயங்காலம் திறந்து பாத்தேன் உமா. போயிருச்சு” என்றார் அழகர்சாமி, தன் ஸ்டூடியோ மேஜைக்குப் பின்னால் நின்றபடி.

உமா மகேஸ்வரி பெட்டியைப் பார்க்கவில்லை. அவர் கையைத்தான் பார்த்தாள். அது நடுங்கிக்கொண்டிருந்தது. பதினெட்டு வருஷத்தில் அந்தக் கை நடுங்கி அவள் பார்த்ததே இல்லை.

இருபத்து நாலு வயதில், போலீஸ் வயர்லெஸ் ஆப்பரேட்டர் வேலைக்கு ஆர்டரை வாங்கிக்கொண்டு, மெயின்லேண்டிலிருந்து தன்னந்தனியாகக் கப்பலில் வந்து இறங்கியவள் உமா. போர்ட் பிளேரில் ஒருத்தரையும் தெரியாது. அபர்டீன் பஜாரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த அழகர்சாமிதான் மாடி அறையைக் காலி பண்ணிக் கொடுத்தார். அவர் மனைவி செல்லம் சாப்பாடு போட்டாள். கல்யாணத்தின்போது அண்ணன் முறைக்கு நின்றவரும் அவரே. அந்தக் கல்யாணம் ரெண்டே வருஷத்தில் உடைந்தபோது ஊர் வாயை அடைத்தவரும் அவரே. சுனாமிக்குப் பிறகு அவள் போலீஸ் வேலையை விட்டுவிட்டு, துப்பறியும் ஆபீஸ் என்று ஒரு போர்டை மாட்டியபோது, முதல் நாள் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, “முதல் கேஸு நான்தான், என் மூக்குக் கண்ணாடியக் காணோம்” என்று சிரித்தவரும் அவரே.

அப்படிப்பட்ட மனிதரின் கை நடுங்கினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

“முதல்ல உக்காருங்கண்ணே. என்னன்னு நிதானமாச் சொல்லுங்க.”

உமாவின் உதவியாளன் ஒச்சப்பன் பெட்டிமேல் குனிந்தான். உசிலம்பட்டிக்காரன். ஆட்டோ ஓட்ட வந்தவன், ஒரு கேஸில் சாட்சியாக வந்து, சாட்சி சொன்னதற்கும் மேல் பேசி, அப்படியே அவளிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

“ஏண்ணே, ஒரு கேமராவுக்கு ஆறு கண்ணா? முருகனுக்கே மூஞ்சிக்கு ரெண்டுதான்!”

அழகர்சாமிக்குச் சிரிப்பு வரவில்லை. “இது பெரிய ஃபிலிம் கேமராவுக்கு உள்ளது ஒச்சப்பா. கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டுப் பாத்து எடுப்பாங்கள்ல, அது. ஒரு ஃபிலிமே நாலுக்கு அஞ்சு அங்குலம். சுவரளவுக்குப் பெருசு பண்ணாலும் உடையாது. ஆனா ஜூம் கிடையாது. அகலமா வேணுமா, ஒரு லென்ஸு. கண்ணுக்குத் தெரியிற மாதிரி வேணுமா, வேற லென்ஸு. தூரத்துல உள்ளத இழுக்கணுமா, அதுக்கு ஒண்ணு. மாத்தி மாத்தித்தான் மாட்டணும்.”

“எது எது போயிருக்கு?” என்றாள் உமா.

“எழுபத்தஞ்சு, நூத்தம்பது, முன்னூறு.” பெட்டியைப் பார்க்காமலே சொன்னார். எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு; சின்ன நம்பர் அகலக் காட்சிக்கு, பெரிய நம்பர் தூரக் காட்சிக்கு. “தொண்ணூறும் இருநூத்திப் பத்தும் அப்படியே கெடக்கு. பழைய பித்தளை லென்ஸும் கெடக்கு.”

“பித்தளைய விட்டுட்டா போனான்?” ஒச்சப்பன் வாயைப் பிளந்தான். “நானா இருந்தா அதத்தான் மொதல்ல தூக்குவேன். ஒண்ணுமில்லன்னாலும் பாத்திரக் கடையிலயாவது எடுத்துக்குவான்.”

“அதான் விஷயமே.” அழகர்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். “தொழில் தெரியாதவன் பளபளன்னு இருக்கற பித்தளையத்தான் எடுப்பான். இது அப்படி இல்ல. எழுபத்தஞ்சு. அதுக்கு ரெண்டு மடங்கு நூத்தம்பது. அதுக்கு ரெண்டு மடங்கு முன்னூறு. இது ஒரு செட்டு. இந்த மூணு கையில இருந்தா உலகத்துல எதையும் எடுத்துரலாம். பெரிய கேமராவுல கை படிஞ்சவன்தான் இப்படிப் பொறுக்க முடியும். இந்தத் தீவுல அப்படி ரெண்டே பேரு. ஒண்ணு நான்.”

பெட்டியை மூடினார்.

“இன்னொண்ணு சுதா.”

சுதாவை உமாவுக்குத் தெரியும். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துப் பெண். அப்பா, அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். சர்க்கார் கச்சாலில் குடிவைத்தது. சுனாமி அப்பாவையும் அம்மாவையும் தங்கையையும் ஒரே காலையில் கொண்டுபோயிற்று. இருபத்திரண்டு வயதில் போர்ட் பிளேர் முகாமுக்கு வந்தவளை, அடையாள அட்டைக்குப் படம் பிடிக்கப் போன அழகர்சாமி பார்த்தார். ஸ்டூடியோவில் வேலை கொடுத்தார். ஐந்து வருஷத்தில் அவள் கறுப்புத் துணிக்குள் தலை விடப் பழகிவிட்டாள். பழைய மரக் கேமரா ஒன்றைத் தானே பழுது பார்த்து வைத்துக்கொண்டாள்.

இப்போது ஒரு தனியார் அறக்கட்டளை சுனாமி நினைவு மண்டபம் கட்டுகிறது. டிசம்பரில் திறப்பு விழா. சுவரளவுக்குப் பத்துப் படங்கள், அத்தனையும் கச்சாலில் எடுத்ததாக வேண்டும். அழகர்சாமியும் மாதிரிப் படம் அனுப்பினார், சுதாவும் அனுப்பினாள். தீவுக்குப் போகும் பாஸ் ரெண்டு பேர் பெயரிலும் வந்தது. கப்பல் டிக்கெட் மட்டும் ஒருத்தருக்குத்தான். கமிட்டி சுதாவைத் தேர்ந்தெடுத்துவிட்டது. இன்று வியாழக்கிழமை. மாலை நாலு மணிக்கு ஹேடோ துறையிலிருந்து கப்பல்.

“போன வாரம் அவ என்கிட்ட லென்ஸ் கேட்டா. இரவல் தரமாட்டேன்னுட்டேன். சாவி இருக்கற எடம் அவளுக்குத் தெரியும்...” என்றார் அழகர்சாமி.

“போலீஸ்ல சொல்லலியா?”

“அவ எனக்கு மக மாதிரி. கேஸாக்கிட்டா அவ கதி? நீ போய்ச் சத்தமில்லாம வாங்கிட்டு வந்துரு. கமிட்டித் தலைவர் தேவேந்திரன் சாருக்கு லென்ஸு காணாமப் போனது தெரியும், கெடைச்சதும் ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும். நீ சொன்னா நம்புவாரு.”

“நீங்களே ஒரு தடவை கேட்டுப் பாத்தா என்னண்ணே?”

“ஞாயித்துக்கிழமையிலேர்ந்து கடைய விட்டு நகரல. அவ மூஞ்சியப் பாத்து நாலு நாளாச்சு. பாத்தா ஒடைஞ்சிருவேன் உமா.”

உமா எழுந்தாள். அவளுக்குள் கோபம் மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தது. சோறு போட்ட கையைக் கடித்துவிட்டாளே அந்தப் பெண்!

*

சாத்தம் ஜெட்டியில் நவம்பர் மழை சாய்வாக அடித்தது. பாம்பூஃப்ளாட் ஃபெர்ரியில் ஸ்கூட்டரை ஏற்றி நிறுத்திவிட்டு ஒச்சப்பன் தலையைத் துவட்டினான். பக்கத்தில் ஒரு பெங்காலி அம்மாள் கூடையில் மீனோடு உட்கார்ந்திருந்தாள்.

“ஏன் மேடம், அந்தப் பொண்ணு நெசமாவே எடுத்திருக்கும்கறீங்க?”

“வேற யாரு?”

“அதில்ல. சாயங்காலம் கப்பல் ஏறப் போற பொண்ணு, நாலு நாளைக்கு முன்னாடியே திருடிட்டு, வீட்டுலயே குந்தியிருக்குமா? பாகல் ஹை க்யா? பைத்தியமா அதுக்கு? எங்க ஊர்ல கோழி திருடறவன்கூட அன்னைக்கே குழம்பு வச்சிருவான்.”

“கச்சால் போறதுக்குத்தான் எடுத்திருக்கா. அங்க போயிட்டா யாரு கேக்கறது?”

“அண்ணாச்சி சொன்னா உங்களுக்கு மறுபேச்சே கெடையாது மேடம்.”

“கெடையாதுதான்.”

ஒச்சப்பன் மீன்காரம்மாவிடம் ஹிந்தியில் விலை கேட்கப் போய்விட்டான்.

*

சுதாவின் வீடு ஜெட்டியிலிருந்து மேடேறினால் இரண்டாவது வளைவில். தகரக் கூரை. வாசலில் ஒரு பெரிய முதுகுப்பை மழைத்தாள் சுற்றித் தயாராக இருந்தது. சுதா வெளியே வந்தாள். குளித்து, தலை வாரி, நெற்றியில் பட்டையாகத் திருநீறு.

“வாங்க அக்கா! வழியனுப்ப வந்தீங்களா?” முகம் பூரித்துப்போயிற்று.

அந்த முகத்தைப் பார்த்ததும் உமாவின் கோபம் இன்னும் ஏறியது. இப்படியும் நடிக்க முடியுமா?

“பையப் பிரி சுதா.”

“எதுக்குங்க?”

“பிரி. சொல்றேன்.”

சுதா பிரித்தாள். மடித்து வைத்த மரக் கேமரா. ஃபிலிம் சட்டங்கள். மூன்று கம்பளிக் காலுறைகளுக்குள் மூன்று சின்ன லென்ஸ். மாற்றுத் துணி. அரிசிப் பொரி ஒரு பை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கறுப்புத் துணி மூட்டை.

“இது என்னதுங்க?” என்றாள் சுதா.

உமா முடிச்சை அவிழ்த்தாள். மூன்று லென்ஸ். எழுபத்தைந்து, நூற்றைம்பது, முந்நூறு. ஒவ்வொன்றும் கனமான சதுரப் பலகையில் பொருத்தப்பட்டு, முன்னும் பின்னும் மூடி போட்டு, நடுவில் வலைத்துணிப் பொட்டலமாக சிலிக்கா ஜெல் வைத்து, பச்சைக் குழந்தையைச் சுற்றியது போலச் சுற்றியிருந்தது.

சுதா குனிந்து மூன்றையும் மாறி மாறிப் பார்த்தாள்.

உமா தாமதிக்கவில்லை. அலைபேசியை எடுத்தாள். “தேவேந்திரன் சாரா? உமா மகேஸ்வரி பேசறேன். அழகர்சாமி அண்ணனோட லென்ஸ் கெடைச்சிருச்சு. ஆமா சார்... சுதா பையிலதான். என் கண்ணால பாத்தேன்.”

“நீங்களே பாத்துட்டீங்கன்னா அப்புறம் என்னம்மா” என்றது மறுமுனை. “டிக்கெட்ட அழகர்சாமி பேருக்கு மாத்தச் சொல்லிடறேன். மூணரை மணிக்குள்ள அவர ஹேடோவுக்கு வரச் சொல்லுங்க.”

அந்தச் சின்ன வீட்டில் தேவேந்திரனின் குரல் எல்லார் காதிலும் விழுந்தது. சுதா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“நான் எடுக்கலைங்க அக்கா” என்றாள். ஒரே தடவைதான். அழவில்லை.

பிறகு கையை நீட்டி, முந்நூறு லென்ஸை எடுத்து உள்ளங்கையில் எடை பார்த்தாள். “இது எனக்கு எதுக்குங்க?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

“எதுக்குன்னா?” என்றான் ஒச்சப்பன்.

“எங் கேமராவுல இது வேலை செய்யாதுங்களே.”

உமா திரும்பிப் பார்த்தாள்.

சுதா எழுந்து மரக் கேமராவை விரித்து மேஜைமேல் நிறுத்தினாள். ஆர்மோனியப் பெட்டி மாதிரி விரிந்து சுருங்கும் கறுப்பு மடிப்பு. முன்னால் லென்ஸ் மாட்டும் இடம். பின்னால் படம் விழும் மங்கல் கண்ணாடி. சன்னலுக்கு வெளியே நின்ற தென்னை மரத்துக்கு நேராக அதைத் திருப்பினாள். லென்ஸின் பலகை பெரிது, கேமராவில் பொருந்தவில்லை. கையால் பிடித்துக்கொண்டாள்.

“முன்னூறு லென்ஸுன்னா, ஃபிலிமுக்கும் அதுக்கும் நடுவுல முன்னூறு மில்லிமீட்டராவது தூரம் வேணும்ங்க. ஒரு அடிக் கோல் அளவு. எங் கேமரா மடிப்பு இவ்வளவுதான் விரியும். அந்த அளவுல முக்காலுக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். அக்கா, துணிக்குள்ள வந்து பாருங்க.”

உமா கறுப்புத் துணிக்குள் தலையை விட்டாள். கண்ணாடியில் தென்னை மரம் இல்லை. பச்சையாக ஒரு புகை.

“இப்ப எழுபத்தஞ்சு. இது ரொம்பக் கிட்ட வரணும். முழுக்க மடக்கிட்டேன். பாருங்க.”

மறுபடியும் புகை.

“நூத்தம்பது?” என்றாள் உமா. அவள் குரல் அவளுக்கே வேறு மாதிரி கேட்டது.

சுதா ஒரு காலுறைக்குள் கைவிட்டுச் சின்ன லென்ஸ் ஒன்றை எடுத்துக் காட்டினாள். விளிம்பில் வெள்ளை எழுத்தில் 150. “இது நாலு வருஷமா எங்கிட்ட இருக்குதுங்க. மத்தது ரெண்டும் தொண்ணூறும் இருநூத்திப் பத்தும். மெட்ராஸ்லேர்ந்து வாடகைக்கு. போன வெள்ளிக்கிழமைக் கப்பல்ல வந்துருச்சு.”

“அழகர்சாமி அண்ணன்கிட்ட நீ லென்ஸ் கேக்கவே இல்லியா?”

“இல்லீங்களே. ஐயா லென்ஸ நான் எதுக்குங்க கேக்கறேன்? அவரு பலகையே வேற அளவு.”

ஒச்சப்பன் வாசலில் கிடந்த தன் செருப்பைப் பார்த்தான். சுதாவைப் பார்த்தான். “மேடம், கோயில் வாசல்ல செருப்புத் திருடறவன்கூடக் காலை விட்டுப் பாத்துட்டுத்தான் போடுவான். இந்தப் பொண்ணு, காலுக்குப் பத்தாதது ஒண்ணு, காலை விடவே முடியாதது ஒண்ணு, ஏற்கனவே காலுல கெடக்கறது ஒண்ணுன்னு மூணையும் தேடித் தேடியா எடுத்திருக்கும்? இதுக்கு உதவுற தொண்ணூறையும் இருநூத்திப் பத்தையும் அங்கயே விட்டுட்டு?”

உமா மூன்று லென்ஸையும் மேஜைமேல் வரிசையாக வைத்தாள்.

“சுதா, எழுபத்தஞ்சு, நூத்தம்பது, முன்னூறு. இது நல்ல செட்டு இல்லியா?”

“புஸ்தகத்துக்கு நல்ல செட்டுங்க. ஐயாவும் அதத்தான் சொல்லுவாரு. கச்சாலுக்கு வேண்டாம்.” சுதா சன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “போன வருஷம் போயிட்டு வந்தேங்க. எங்க லயத்து வீட்டு வரிசை இருந்த எடம் இப்பத் தண்ணிக்குள்ள. பின்னாடி ஒரு வரிசை ரப்பர் மரம் செத்து நிக்குது. எழுபத்தஞ்சு போட்டா கடல் ரொம்பப் பெருசா வந்துரும். பாக்கறவங்க கடலைத்தான் பாப்பாங்க, கரை எறும்பு மாதிரிப் போயிரும். முன்னூறு போட்டா மரம் மட்டும் கிட்ட வரும், எடம் வராது. இருநூத்திப் பத்துல பாத்தா, அம்மா வாசல்ல நின்னு பாத்தப்ப அந்த மரம் எவ்வளவு பெருசாத் தெரிஞ்சுச்சோ, அந்த அளவுலயே தெரியும். அதுக்குத்தான் அத எடுத்தேங்க.”

தகரத்தில் மழை இரைந்தது.

உமா மூட்டையிலிருந்து சிலிக்கா ஜெல் பொட்டலத்தைக் கையில் எடுத்தாள். உள்ளே குருணைகள் நல்ல நீலமாக மின்னின. ஈரம் குடித்தால் அது ரோஸ் நிறமாக மாறிவிடும். தீவில் கேமரா வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். பூசணம் பிடிக்காமல் இருக்க எல்லாரும் அதைத்தான் போடுவார்கள்.

“இது வெளியில எத்தனை நாள் நீலமா இருக்கும்?”

“காத்துப் புகாத பெட்டிக்குள்ளன்னா மாசக்கணக்கா இருக்குமுங்க. இந்த மழையில, இந்த மாதிரித் துணி மூட்டையில... ஒரு நாள், மிஞ்சிப்போனா ஒண்ணரை நாள்.”

ஞாயிற்றுக்கிழமை திருடியதாகச் சொன்ன லென்ஸ். இன்று வியாழக்கிழமை. பொட்டலம் சங்குப்பூ நீலத்தில் இருக்கிறது.

“இன்னைக்கு இந்தப் பையத் தொட்டது யாரு சுதா?”

சுதாவின் கை தானாக நெற்றிக்குப் போயிற்று. விரல் திருநீற்றில் பட்டு நின்றது.

“ஐயா வந்தாருங்க” என்றாள் மெதுவாக. “காலையில முதல் ஃபெர்ரியில. திருநீறு பூசி விட்டாரு. ‘பையில தண்ணி ஏறாம நானே கட்டித் தரேன், நீ போய் டீ போடு’ன்னாரு. நான் உள்ள போனேன்.”

நாலு நாளாகக் கடையை விட்டு நகரவில்லை என்றவர். அவள் மூஞ்சியைப் பார்த்தால் உடைந்துவிடுவேன் என்றவர்.

உமா உடனே தேவேந்திரனைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. இன்னொரு தடவை. எடுக்கவில்லை. மணி ஒன்று ஐம்பது.

“சுதா, உன் சாமானைத் திரும்பக் கட்டு. மூணு மணிக்கு ஹேடோவுல நில்லு. நான் வரேன்.”

சுதா தலையை ஆட்டினாள். ஆனால் உமாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

*

ஸ்டூடியோவுக்குள் உமா நுழைந்தபோது அழகர்சாமி கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தார். சலவைச் சட்டை. பெரிய கேமரா பெட்டிக்குள் ஏறியிருந்தது. வாசலில் பிரயாணப் பை.

“தேவேந்திரன் சார் போன் பண்ணாரு” என்றார். “என்ன செய்யறது, எனக்கு இஷ்டமே இல்ல. பொண்ணு வாழ்க்கை இப்படியா ஆகணும்? சரி... லென்ஸக் கொண்டாந்தியா?”

கையை நீட்டினார். அந்தக் கை இப்போது நடுங்கவில்லை.

உமா மூட்டையை அந்தக் கையில் வைக்கவில்லை. மேஜைமேல் வைத்தாள்.

“காலையில எத்தனை மணி ஃபெர்ரிண்ணே?”

“எந்த ஃபெர்ரி?”

“பாம்பூஃப்ளாட் ஃபெர்ரி. திருநீறு எடுத்துட்டுப் போனீங்களே, அந்த ஃபெர்ரி.”

சீப்பு அப்படியே நின்றது. கண்ணாடியில் அவர் கண்கள் உமாவைத் தேடின.

“அவ சொல்றத நம்பறியா?”

“அவ சொல்றதுக்கு முன்னாடியே லென்ஸு சொல்லிருச்சு. முன்னூறு அவ கேமராவுல நிக்காது. எழுபத்தஞ்சும் நிக்காது. நூத்தம்பது அவகிட்டயே இருக்கு. நீங்க உங்களுக்குப் பிடிச்ச செட்ட எடுத்து வச்சுட்டு வந்திருக்கீங்க. அஞ்சு வருஷம் பக்கத்துலயே நின்ன பொண்ணு. அது கேமராவுல ஒரே ஒரு தடவை குனிஞ்சு பாத்திருந்தீங்கன்னா வேற லென்ஸத்தான் வச்சிருப்பீங்க. நான் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன்.”

ஒச்சப்பன் சேர்ந்துகொண்டான். “சிலிக்கா ஜெல்லும் போட்டு வச்சீங்களே அண்ணாச்சி! அடுத்தவ மேல திருட்டுப் பழி போடறப்பக்கூட, கண்ணாடிக்குப் பூசணம் பிடிச்சிரக் கூடாதுன்னு ஒரு அக்கறை.”

அழகர்சாமி நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு பேசியபோது குரலில் அழுகை இல்லை, ஆத்திரம் இருந்தது.

“முப்பது வருஷம் உமா. இந்தத் தீவுல கல்யாணம், சாவு, மந்திரி, கப்பல், எல்லாத்தையும் எடுத்தவன் நான். சுனாமி அன்னைக்கு எல்லாரும் மேட்டுக்கு ஓடறப்ப நான் கேமராவோட கீழ எறங்கினேன். அந்த மண்டபத்துச் சுவத்துல யாரு பேரு வரணும்? முகாம்ல தட்டேந்தி நின்ன பொண்ணு பேரா? நான் சோறு போட்டு, கையப் பிடிச்சுத் தொழில் சொல்லிக் கொடுத்த பொண்ணு, எனக்கு எதிரா அப்ளிகேஷன் போடுமா?”

“போட்டா என்ன? நல்லா எடுத்திருக்கா, அவளத் தேர்ந்தெடுத்தாங்க.”

“ஒனக்குப் புரியாது.”

“சரி, அது புரிய வேண்டாம். இதச் சொல்லுங்க. என்னை எதுக்கு அனுப்பினீங்க? போலீஸ்ல ஒரு கம்ப்ளெயிண்ட் கொடுத்திருந்தாப் போதுமே.”

அழகர்சாமி தரையைப் பார்த்தார்.

“போலீஸ்னா விசாரிப்பாங்க” என்றார். “நீ விசாரிக்க மாட்டேன்னு நெனச்சேன்.”

உமா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வழக்கில் பொய் சொன்னவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். சொன்ன பொய் ஒன்றுகூட இப்படி வலித்ததில்லை. இவர் சொன்ன உண்மை வலித்தது. பதினெட்டு வருஷத்து அண்ணன் என்ற சொல்லை, கள்ளச்சாவி மாதிரி எடுத்துப் பூட்டில் போட்டுத் திருகியிருக்கிறார்.

“போனை எடுங்க” என்றாள். “தேவேந்திரன் சார் நீங்க கூப்பிட்டா எடுப்பாரு. நீங்களே சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க.”

“உமா, செல்லத்துக்குத் தெரிஞ்சா...”

“எடுங்க.”

அழகர்சாமி எண்களை அழுத்தினார். இரண்டாவது மணியிலேயே தேவேந்திரன் எடுத்தார்.

“சார்... அழகர்சாமி பேசறேன். ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. வயசாச்சுல்ல சார், ஞாபக மறதி. லென்ஸ நானே அந்தப் பொண்ணு பையில வச்சிட்டு மறந்துட்டேன் போல. அவ தெரியாம... யாரு மேலயும் தப்பில்ல. அவளே போகட்டும். ஆனா ஒரு பேச்சு வந்துட்டதால, மண்டபத்துக்குக் கெட்ட பேரு வரக் கூடாதேன்னு நீங்க நெனச்சா, நான் வேணா...”

உமா அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

“சார், உமா பேசறேன். மறதியெல்லாம் இல்ல. டிக்கெட் தன் பேருக்கு வரணும்னு காலையில இவரே போய் அவ பையில வச்சிட்டு, அப்புறம் என்னை அனுப்பினாரு. நான் விசாரிக்காம உங்ககிட்டச் சொன்னேன். அது என் தப்பு. எழுதியே தரேன். நீங்க யார்கிட்ட வேணும்னாலும் காட்டலாம். சுதா எதையும் எடுக்கல.”

“இப்படிச் சொன்னா உங்க தொழில் என்னம்மா ஆகும்?” என்றது மறுமுனை.

“அத நான் பாத்துக்கறேன். டிக்கெட்ட மாத்துங்க சார். மணி ரெண்டே முக்கால்.”

போனை மேஜையில் வைத்தாள். அழகர்சாமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், அடித்துவிட்டதைப் போல.

“நான் ஒனக்கு எவ்வளவு செஞ்சிருக்கேன்” என்றார்.

“ஆமா. அதனாலதான் இன்னைக்கு ஒரு பொண்ணத் திருடின்னு சொல்லிட்டு வந்தேன்.”

அண்ணே என்று சேர்க்கவில்லை. அவருக்கும் அது கேட்டது.

*

ஹேடோ துறையில் கப்பலின் ஏணிப்படி இறக்கியாயிற்று. கூட்டம் குடையும் மூட்டையுமாக நெருக்கியது. ஒலிபெருக்கியில் ஹிந்தியில் யாரோ அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். சுதா தகரக் கொட்டகைத் தூண் ஓரமாக நின்றாள். தேவேந்திரனின் ஆள் வந்து புது டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். முதுகுப்பை காலடியில்.

உமா எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. அழகர்சாமி போனில் சொன்ன பாதி உண்மையைக்கூட.

மழை குறைந்திருந்தது.

“முகாம்ல மொத நாளு ஐயா எனக்கு ஒரு படம் எடுத்தாருங்க” என்றாள் சுதா. “சிரிக்கச் சொன்னாரு. எனக்கு வரல. பரவாயில்லம்மா, சிரிக்காமலே எடுத்துக்கலாம்னாரு. அன்னையிலேர்ந்து அவரு என்ன சொன்னாலும் நம்பினேன்.”

“எனக்கும் அப்படித்தான் சுதா.”

“அப்படிச் சொல்லாதீங்க அக்கா.”

சுதா உமாவை நேராகப் பார்த்தாள்.

“அவரு செஞ்சது அவரோட. ஆனா நீங்க எங்கிட்ட ஒரு கேள்வி கேக்கலைங்க. பையப் பிரின்னீங்க, பிரிச்சேன். அப்புறம் உடனே போன எடுத்தீங்க. ‘இது எப்படி வந்துச்சு சுதா’ன்னு ஒரு தடவை கேட்டிருந்தா, டிக்கெட்டு போனாலும் எனக்குப் பரவாயில்லாம இருந்திருக்குமுங்க.”

“மன்னிச்சிரு” என்றாள் உமா. அந்த வார்த்தை மிகச் சின்னதாக இருந்தது.

சுதா குனிந்து பையைத் தூக்கினாள். ஒச்சப்பன் அவசரமாகக் கை நீட்டினான்.

“கொடும்மா, கப்பல் வரைக்கும் நான் தூக்கிட்டு வரேன்.”

“வேணாங்க அண்ணே” என்றாள் சுதா. கோபமாகச் சொல்லவில்லை. “இனி யாரு கையிலயும் இதக் கொடுக்கறதா இல்லைங்க.”

பையை முதுகில் மாட்டி, வாரை இரண்டு தடவை இழுத்து இறுக்கிக்கொண்டு, அவள் கூட்டத்துக்குள் நடந்தாள். ஏணிப்படியில் ஒரு மாலுமி சுமையை வாங்கக் கை நீட்டியதையும், அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டு மேலே ஏறியதையும் உமா கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.